நின்று கெட்டதா, ஓடிக் கெட்டதா: போர்ஷே 944, பிஎம்டபிள்யூ எம்3, மாஸ்டா ஆர்எக்ஸ்-7

டயரின் பக்கவாட்டில் சின்னதாக நான்கு எண்கள் அச்சாகியிருக்கும். 2311 என்று இருந்தால், அந்த டயர் 2011-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. "ரெண்டு வருஷமாத்தான் சார் நிக்குது" என்று விற்பவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் குனிந்து முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். வேகத்துக்காகவே செய்த ஒரு வண்டியைப் பத்து வருடப் பழைய டயரில் ஓட்டியவர், பெல்ட்டையும் ஆயிலையும் எப்படி வைத்திருப்பார் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. பானெட்டைத் திறக்கும் முன்பே பாதி ஜாதகம் கைக்கு வந்துவிடும்.

கவனிப்பாரற்றுக் கிடக்கும் வண்டிகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று நின்று கெட்டது: ஷெட்டில் போட்டு மறந்தது. பெட்ரோல் பிசின் மாதிரி இறுகி இன்ஜெக்டரை அடைத்திருக்கும், பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி காலிப்பரைத் துருப்பிடிக்க வைத்திருக்கும், ரப்பர் என்று பெயர் உள்ளதெல்லாம் கட்டையாகியிருக்கும், ஒயரிங்கில் எலி குடும்பம் நடத்தியிருக்கும். இன்னொன்று ஓடிக் கெட்டது: சர்வீஸ் பார்க்காமல், குளிர்ந்த எஞ்சினை விரட்டி, கை மாறிக் கை மாறி வந்தது. முதல் வகையைப் பார்த்தால் பயமாக இருக்கும். இரண்டாவது பளபளவென்று கழுவி நிற்கும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது அந்தப் பளபளப்பிடம்தான்.

பழைய வேக வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நாமே சரிசெய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் அடிக்கடி போய் நிற்கும் மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன். போர்ஷே 944, பிஎம்டபிள்யூ எம்3-இன் இ46 தலைமுறை, மாஸ்டா ஆர்எக்ஸ்-7-இன் கடைசித் தலைமுறையான எஃப்டி. எது வேகம், எது அழகு என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எந்த வண்டி எந்த வகைக் கேட்டைத் தாங்கும் என்பதுதான் என் கேள்வி.

944: ரப்பர் போனாலும் இரும்பு நிற்கும்

1982 முதல் 1991 வரை வந்த வண்டி. முன்னால் 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின், பின்னால் கியர்பாக்ஸ், இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு நீளக் குழாய். எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்கே உரிய நடுக்கத்தை அடக்க, மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கி இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் வைத்தார்கள். அதனால் பெல்ட்டும் இரண்டு. வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், வால்வு வளையும். பெல்ட்டுக்கு ஓடிய கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயதும் கணக்கு. ஆகவே எத்தனை வருடம் நின்றது என்று தெரியாத 944-ஐ ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லாதீர்கள். "ஒரு தடவை போட்டுக் காட்டுறேன்" என்று அவராகவே சாவியை எடுத்தாலும் கையைப் பிடியுங்கள்.

இந்த வண்டியில் எனக்குப் பிடித்த விஷயம் உடம்பு. தகடு முழுக்கத் துத்தநாகப் பூச்சு. அந்தக் காலத்து வண்டிகள் பல கரையான் அரித்த கதவு மாதிரி உதிர்ந்துவிட்ட நிலையில், இது பெரும்பாலும் முழுசாக நிற்கிறது. கதவுக்குக் கீழே உள்ள பகுதியையும் பேட்டரிக்கு அடியிலும் மட்டும் நன்றாகத் தட்டிப் பாருங்கள். காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி ஓட்டினால், பட்டி பார்த்து பெயின்ட் அடித்த இடத்தில் அது ஒட்டாமல் நழுவும்.

ஸ்பீடோமீட்டரில் உள்ள கிலோமீட்டரை நம்ப வேண்டாம். அதற்குள் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து எண் நின்றுபோவது இந்த மாடலில் சர்வசாதாரணம். குறைந்த கிலோமீட்டர் என்று பெருமையாகச் சொல்லப்படும் பல வண்டிகள் உண்மையில் எண்ணுவதை நிறுத்திய வண்டிகள்.

இனி பேரம் பேசுகிறவருக்கு உபயோகமான ஒன்று. ரேடியேட்டர் தண்ணீர் டப்பாவைத் திறந்தால் உள்ளே பால்கோவா மாதிரி பழுப்பாகக் கொழகொழவென்று இருக்கும். விற்பவரும் அவருடைய மெக்கானிக்கும், எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று கைகழுவியிருப்பார்கள். அவசரப்படாமல் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடையுங்கள். தண்ணீரில் ஆயில் இருக்கிறது, ஆனால் ஆயிலில் தண்ணீர் இல்லை என்றால், முதல் சந்தேகம் எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் ஆயில் கூலரின் சீல்கள் மேல் விழ வேண்டும். அங்கே ஆயிலும் தண்ணீரும் அடுத்தடுத்த அறைகளில் ஓடுகின்றன. சீல் தளர்ந்தால், அழுத்தம் கூடிய ஆயில் தண்ணீர்ப் பக்கம் புகுந்துவிடும். சீலை மாற்றி, பிறகு அந்தக் கொழகொழப்பு முழுவதும் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் ஹெட்டைக் கழற்றும் வேலை இல்லை. சந்தேகமே தவிர சத்தியமில்லை என்பதால் கம்ப்ரெஷனையும், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தையும், அளந்துவிடுங்கள்.

ஸ்டார்ட்டே ஆகாமல் கைவிட்ட வண்டி என்றால், ஃப்யூஸ் பெட்டியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ரிலே இருக்கும். டிஎம்இ ரிலே என்பார்கள். பெட்ரோல் பம்புக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. உள்ளே சால்டர் விரிசல் விட்டால் எஞ்சின் உயிரற்றுப் போகும். அதை மாற்றினதும் எழுந்து நின்ற வண்டிகள் ஏராளம்.

கெட்ட செய்தியும் உண்டு. கிளட்ச் மாற்ற, சைலன்சர் குழாய், கியர்பாக்ஸ், நடுக்குழாய் எல்லாவற்றையும் அவிழ்த்துப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கிளட்ச் தட்டின் விலையைவிடக் கூலி முந்திவிடும். பழைய கிளட்ச் தட்டின் நடுவில் ரப்பர் இருக்கும், அது வயதிலேயே பிய்ந்துபோகும். சிலிண்டர் சுவரில் இரும்பு லைனர் கிடையாது, சிலிக்கன் கலந்த அலுமினியமே சுவர். அதில் கீறல் விழுந்திருந்தால் சாதாரண லேத் பட்டறையால் ஆகாது. 1985-இல் வந்த டர்போ மாடல், 220 குதிரைத்திறன், ஆசை காட்டும். முதல் வண்டிக்கு டர்போ இல்லாததே போதும் என்பேன். 944-இன் 16 வால்வு மாடல்களான எஸ், எஸ்2 வாங்குவதானால், வால்வைத் திறக்கும் கேம் தண்டுகளின் செயினை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டையைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

எம்3: மெத்தைக்குக் கீழே பாருங்கள்

2000 முதல் 2006 வரை. 3,246 சிசி, வரிசையில் ஆறு சிலிண்டர், 343 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,000 சுற்று. ஆயில் சூடாகச் சூடாக ஆர்பிஎம் மீட்டரில் உள்ள ஆரஞ்சு விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்: இதுவரை போகலாம், இன்னும் கொஞ்சம் போகலாம் என்று வண்டியே அனுமதி கொடுக்கும். அதை மதிக்காத ஓட்டுநரிடம் மாட்டியதுதான் ஓடிக் கெட்ட எம்3.

அந்தச் சேதம் எஞ்சினுக்குள்ளே, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். ஆரம்ப வருட வண்டிகளுக்கு நிறுவனமே அழைத்துப் பேரிங் மாற்றிக் கொடுத்தது. அந்த வேலை நடந்ததற்கான காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். காகிதம் இல்லையென்றால் ஆயில் சம்ப்பைக் கழற்றி மாற்றிவிடுவது என்றே கணக்குப் போடுங்கள். ஆயிலும் கண்டது ஊற்றக்கூடாது, 10டபிள்யூ-60 தான். கேம் டைமிங்கை மாற்றும் வானோஸ் அமைப்பில், எக்ஸாஸ்ட் கேம் முனையில் இருக்கும் இரண்டு சிறு காதுகள் முறிந்து எஞ்சினுக்குள்ளேயே விழுவது இன்னொரு தலைவலி.

இதையெல்லாம்விட என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது பின்பக்கத் தரை. பின் ஆக்சிலைத் தாங்கும் ஃபிரேம் உடம்பின் தகட்டில் நான்கு இடத்தில் போல்ட் ஆகிறது. அந்த இடங்களில் தகடு களைத்து விரிசல் விடும். பூச்சுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் எட்டிப் பார்த்தால் தெரியாது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, விளக்கு வைத்து, பூச்சைச் சுரண்டித்தான் பார்க்க வேண்டும். கிளட்சைவிட்டு எடுக்கும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தால் காரணம் ரப்பர் புஷ் ஆகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம். சரிசெய்ய பின் ஃபிரேமையே இறக்கி, வெல்டிங் செய்து, தகடு வைத்து வலுப்படுத்த வேண்டும். லிஃப்டில் ஏற்ற மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அங்கேயே பேச்சு முடிந்தது.

எஸ்எம்ஜி, அதாவது கிளட்சை ஹைட்ராலிக் பம்ப் இயக்கும் கியர்பாக்ஸ், உள்ளதை விட்டுவிட்டு மேனுவலைத் தேடுங்கள். ஹைட்ராலிக் பம்ப்போடு மல்லுக்கட்ட நேரமிருப்பவர்கள் விதிவிலக்கு.

நின்று கெட்ட எம்3, ஒரே உரிமையாளர், கட்டுக்கட்டாய் பில்: அது கிடைத்தால் அழுக்கைப் பார்த்துத் தயங்காதீர்கள். ஓடிக் கெட்டது, நாலு கை மாறியது, புது பெயின்ட், பெரிய சக்கரம், பில் ஒன்றுகூட இல்லை: அது இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டியது.

ஆர்எக்ஸ்-7: காதால் கேட்டு வாங்கும் வண்டி

1991-இன் இறுதியில் வந்து 2002-இல் நின்றது. பிஸ்டனே கிடையாது. 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போ. மூன்றிலும் இதுதான் அழகு என்று ஒப்புக்கொண்டு விடுகிறேன், அப்போதுதான் மேலே சொல்லப்போவதை ஓரவஞ்சனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முக்கோண ரோட்டரின் மூன்று முனையிலும் மெல்லிய சீல் பட்டைகள், ஏபெக்ஸ் சீல். அவைதான் கம்ப்ரெஷனைப் பிடித்து வைப்பவை. ஓடிக் கெட்ட வண்டியில், சூடேறி, எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் நொடியில் சீல் உடைகிறது. நின்று கெட்ட வண்டியில், சீல் தன் பள்ளத்துக்குள்ளேயே கரியோடு ஒட்டிக்கொள்கிறது, ரோட்டர் உரசி ஓடும் சுவரில் துரு பிடிக்கிறது. தண்ணீரைத் தடுக்கும் உள் சீல்கள் வேறு வயதாகி, காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகையாக விஷயத்தைச் சொல்லும். ஆக, மற்ற இரண்டில் நிற்பதோ ஓடுவதோ ஏதோ ஒன்று மன்னிக்கப்படுகிறது. இதில் இரண்டுமே மன்னிப்பில்லாதவை.

சாதாரண கம்ப்ரெஷன் கேஜ் இங்கே பொய் சொல்லும். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், மூன்று அழுத்தம். கேஜ் அதில் பெரியதை மட்டும் பிடித்துக் காட்டும். மூன்றையும் தனித்தனியாக எழுதும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும், எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்றில் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ என்பது கடைசிக் கோடு. டெஸ்டர் இல்லாத இடத்தில் காது இருக்கிறது: பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுக் கேளுங்கள். புஸ், புஸ், புஸ் என்று சீராக வந்தால் அந்த ரோட்டருக்கு உயிர் இருக்கிறது. புஸ், புஸ், அப்புறம் ஒரு மௌனம், மறுபடி புஸ், புஸ் என்றால் ஒரு முகம் அழுத்தம் பிடிக்கவில்லை, சீலில் கோளாறு. கழற்றிய பிளக்கை மாட்டிவிட்டு அடுத்த ரோட்டருக்குப் போங்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்பதாலேயே எஞ்சின் செத்தது என்றும் முடிவு கட்ட முடியாது. குளிர்ந்த எஞ்சினைப் போட்டு, நாலடி நகர்த்தி, உடனே அணைத்தால் பெட்ரோல் தேங்கி, சீலில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். கம்ப்ரெஷன் இல்லாத மாதிரியே ஸ்டார்ட்டர் சளசளவென்று சுற்றும். அப்படி மலிவாகக் கிடைத்து, காய்ந்ததும் பிடித்துக்கொண்ட வண்டிக் கதைகள் உண்டு. அந்தக் கதையை நம்பிப் பணம் எண்ணாதீர்கள். 944-இன் ஆயில் கூலரில் சந்தேகம் பொய்த்தாலும் கையில் ஒரு எஞ்சின் மிஞ்சும். இங்கே பொய்த்தால், அவ்வளவையும் பிரித்து, சுவரின் குரோம் உரிந்திருக்கிறதா என்று பார்த்து, உரிந்திருந்தால் அந்த ஹவுசிங்கையும் வாங்க வேண்டும். பிறகு இன்டேக்குக்கு அடியில் டர்போக்களை ஆட்டுவிக்கும் மெல்லிய வேக்குவம் ஹோஸ்கள், டஜன் கணக்கில், சூட்டில் வெந்து முறுக்கு மாதிரி ஒடியும்.

எனவே ஆர்எக்ஸ்-7-க்கு என் கணக்கு எளியது: எஞ்சின் இல்லாத வண்டிக்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள். உடம்பு நேராக இருக்கிறதா, உள்ளலங்காரம் முழுசாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எஞ்சின் பிழைத்தால் அது கொசுறு. வி8-ஐத் தூக்கி உள்ளே வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஓட்ட நன்றாகத்தான் இருக்கும்; மறுசீரமைப்பு என்று மட்டும் சொல்லக்கூடாது.

இடையில் ஒரு சின்ன வண்டி

"முதல் தடவை ஸ்பேனர் பிடிக்கிறேன்" என்பவருக்கு மூன்றுமே வேண்டாம். 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. பெல்ட் அறுந்தாலும் வால்வு வளையாத எஞ்சின். கூரையின் தண்ணீர் வடிகால் அடைத்துக் கதவுக்குப் பின்னால் துரு பிடித்திருக்கிறதா என்பதுதான் முக்கியச் சோதனை. ஜப்பானில் நிறுவனமே இந்தத் தலைமுறையைச் சீரமைத்துத் தரும் சேவையை 2017-இல் அறிவித்தது. வேகம்? மலைப்பாதையில் கேட்காதீர்கள், அங்கே அதற்குக் குறைவில்லை.

எனக்கு என்றால்

நின்று கெட்ட, டர்போ இல்லாத 944. அதன் நோய்களில் பெரும்பாலானவை வெளியே தெரிபவை, பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடிக்கக்கூடியவை. லிஃப்டும் வெல்டரும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவருக்கு எம்3. ஏற்கெனவே ஓடும் வண்டி ஒன்று வீட்டில் இருந்து, இரண்டு வருடம் ஷெட்டில் பிரித்துக் கிடந்தாலும் யாரும் திட்டாத நிலையில் இருப்பவருக்கு ஆர்எக்ஸ்-7.

944-ஐ இழுத்து வந்த முதல் நாள் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரியை இணைக்காமல், நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி மாட்டி, கடிகாரச் சுற்றில் மட்டும், மெதுவாக. முரண்டு பிடித்தால் பலம் காட்டாமல் இன்னும் ஆயில் விட்டு இன்னொரு நாள் காத்திருங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் பெல்ட், வாட்டர் பம்ப் இரண்டையும் ஆர்டர் பண்ணலாம். டயரையும்.