டம்ளர் தண்ணீரில் பிஎச் இறக்கிக் காட்டி விற்கும் பாட்டிலை நம்பாதீர்கள்

மல்லிகை, கறிவேப்பிலை, எலுமிச்சை என எது வைத்திருந்தாலும் சரி, "உங்கள் மண்ணில் பிஎச் கூடிப்போச்சு, இதை ஊற்றினால் இறங்கிவிடும்" என்று யாராவது பாட்டிலோடு வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். (பிஎச் என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண். 7 நடு, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.) இந்த வருடம் எனக்கு 11,000 ரூபாய் போனது. அதைவிடப் பெரிய நஷ்டம், பங்குனி சித்திரையில் எடுக்க வேண்டிய பூவில் பாதிக்கு மேல் வராமல் போனது.

நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு 40 சென்டில் மல்லிகை இருக்கிறது. சுமார் 1,000 செடி. மேலே ஒரு அடிக்குச் செம்மண், அதற்குக் கீழே தோண்டினால் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல். போர் தண்ணீர் உப்பு கரிக்காது, ஆனால் வாளியிலும் சொட்டுநீர்க் குழாயிலும் வெள்ளையாகப் படியும். கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்து தொழுவுரம் வைத்தோம். தை பிறந்ததும் துளிர்த்த தளிரெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது, இடையில் வெளுத்துக் கிடந்தது. சில செடிகளில் நுனித் தளிர் கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தது. கீழே இருந்த முதிர்ந்த இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பல வருடமாக வாங்கும் உரக்கடைக்கே இலையைப் பறித்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "மண்ணு கெட்டுப்போச்சு, நாளைக்குக் கம்பெனி ஆள் வர்றாரு, தோட்டத்துக்கே அனுப்புறேன்" என்றார். மறுநாள் அந்த இளைஞர் வந்தார். நல்ல பேச்சு, மரியாதையாகவும் நடந்துகொண்டார். பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்தார். கண்ணாடி டம்ளரில் எங்கள் போர் தண்ணீரைப் பிடித்து மீட்டரை விட்டார். 8.1 காட்டியது. அவர் கொண்டு வந்த பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டுக் கலக்கினார். என் கண்ணெதிரே எண் இறங்கி 6.2-ல் நின்றது. "பாத்தீங்களா அண்ணே, இதேதான் மண்ணுலயும் நடக்கும்" என்றார்.

நான் நம்பிவிட்டேன். என் வீட்டுக்காரியும் நம்பினாள். கண்ணால் பார்த்தோமே.

அதற்கு அப்புறம் இரண்டு கம்பி உள்ள இன்னொரு மீட்டரை மண்ணில் குத்திக் காட்டினார். பேட்டரியே இல்லாமல் முள் ஆடும் வகை அது. முதலில் காய்ந்த மண்ணில் குத்தி ஒரு எண்ணைக் காட்டினார். மருந்து கலந்த தண்ணீரை அதே இடத்தில் ஊற்றிவிட்டு மறுபடியும் குத்தினார். முள் நகர்ந்தது. அந்த மாதிரிக் கருவியின் முள், மண்ணின் ஈரம் மாறினாலே நகரும். வெறும் தண்ணீர் ஊற்றினாலும் நகரும் என்பதைப் பிறகு நானே செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வாங்கியது இவ்வளவு. மண் சீராக்கி என்று பெயர் போட்ட திரவம், லிட்டர் 850 ரூபாய், 6 பாட்டில். 50 கிலோ ஜிப்சம் 10 மூட்டை, 3,200 ரூபாய். இரும்பு நுண்ணூட்டப் பொட்டலங்கள் 2,700 ரூபாய், அதையும் சொட்டுநீரிலேயே கலந்து விடச் சொன்னார். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எங்கேயும் எழுதவில்லை. இயற்கை, பக்க விளைவு இல்லை, மண்ணுக்கு உயிர் என்றெல்லாம் இருந்தது. திறந்தால் புளித்த வாடை. பில் கேட்டேன். துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை எழுதிக் கொடுத்தார் கடைக்காரர். தெரிந்த கடைதானே என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் ஆகியும் ஒரு இலைகூடப் பச்சையாகவில்லை. கேட்டால், "ரெண்டாவது தடவையும் விட்டாத்தான் வேலை செய்யும்" என்றார்கள். மிச்சமிருந்த பாட்டில்களில் இரண்டை விட்டேன். மாசி போனது. மொட்டு வைக்க வேண்டிய கிளைகளில் இலை ஓரம் கருகத் தொடங்கியது. அப்போதுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். நாலைந்து இடத்தில் 'வி' வடிவில் குழி வெட்டி, ஓரத்தில் செதுக்கிய மண்ணைக் கலந்து, அரை கிலோ எடுத்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தேன். பிஎச் 8.4, உப்பு அளவு சாதாரணம், சுண்ணாம்பு இருக்கிறது என்று முடிவு வந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார்.

அவர் சொன்னதில் என்னைத் தூக்கிப்போட்டது இதுதான். டம்ளர் தண்ணீரில் அமிலத்தை எதிர்க்கும் சக்தி மிகக் குறைவு. நாலு சொட்டு விட்டால் பிஎச் இறங்கத்தான் செய்யும். மண்ணில் அப்படியில்லை. சுண்ணாம்பு கிடக்கிற வரைக்கும், ஊற்றுகிற அமிலத்தையெல்லாம் அது தின்றுவிட்டு, பிஎச்சைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். கணக்கு போட்டுக் காட்டினார். 40 சென்டில் மேல் 15 செ.மீ. மண் மட்டும் சுமார் 350 டன். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்று குறைத்தே வைத்தாலும் மூன்றரை டன். ஒரு கிலோ சுண்ணாம்பைக் கரைக்கக் கிட்டத்தட்ட ஒரு கிலோ சுத்தக் கந்தக அமிலம் வேண்டும். அதாவது மூன்றரை டன் அமிலம் தேவைப்படுகிற நிலத்துக்கு எனக்கு விற்றது 6 லிட்டர்.

ஜிப்சம் கதையும் அதே மாதிரிதான். ஜிப்சம் களர் நிலத்துக்கு உரியது. பிஎச் 8.5-க்கு மேல் போய், மண்ணில் சோடியம் ஏறிக் கிடக்கும் இடத்தில், ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தை இடம்பெயர்க்கும். பிறகு தண்ணீர் கட்டி வடித்துவிட்டால் நிலம் தேறும். என் மண்ணில் கால்சியம் ஏற்கெனவே மிதமிஞ்சிக் கிடக்கிறது. சுண்ணாம்பு மண்ணின் பிஎச்சை ஜிப்சம் இறக்காது. 10 மூட்டையைச் சுமந்து கொட்டிய கூலியும் சேர்ந்து போனது.

இரும்புப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது போலிச் சரக்கு இல்லை. இடிடிஏ (இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் ஒரு வேதிப்பொருள்) வகை இரும்பு, 12 சதவீதம் என்று ஒழுங்காக அச்சடித்திருந்தது. இலையில் தெளித்திருந்தால் பலன் கிடைத்திருக்கும். ஆனால் அந்த வகை, பிஎச் 6.5-ஐத் தாண்டிய மண்ணில் இரும்பைப் பிடித்து வைத்திருக்காது, விட்டுவிடும். என் மண் 8.4. இப்படிப்பட்ட மண்ணில் வேர் வழியாகக் கொடுக்க இடிடிஹெச்ஏ என்று இன்னொரு வகை உண்டு, விலை அதிகம். இதெல்லாம் விற்றவர்களுக்குத் தெரியாதா? கடைக்காரருக்கு ஒருவேளை தெரியாமல் இருக்கலாம். டம்ளர் பிடித்தவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் மண்ணைத் தண்ணீரில் கரைத்து அந்தப் பேனா மீட்டரை அவர் ஒரு தடவைகூட விட்டுக் காட்டவில்லை.

தீர்வு என்ன என்று கேட்பீர்கள். இளம் தளிரில் நரம்பு பச்சை, இடை மஞ்சள் என்றால் பெரும்பாலும் இரும்புப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இருந்தும், பிஎச் கூடியதால் வேரால் எடுக்க முடியாத நிலை. (தண்ணீர் தேங்கினாலும், வேரில் நூற்புழு இருந்தாலும் மல்லிகை மஞ்சளாகும், அதனால் ஒரு செடியைப் பிடுங்கி வேரையும் பாருங்கள்.) மண்ணை மாற்றப் போராடாமல் செடிக்கு இலை வழியாகக் கொடுங்கள் என்றார் அந்த அம்மா. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), அதோடு 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு. அன்னபேதி இளம்பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பாகிவிட்டிருந்தால் வாங்காதீர்கள். கரைத்த அன்றே தெளித்துவிட வேண்டும். பத்து நாளில் புதுத் தளிர் பச்சையாக வந்தது. ஏற்கெனவே வெளுத்த இலைகள் முழுதாகத் தேறவில்லை. மாதம் ஒரு தடவை என்று தொடர்கிறேன். யூரியாவைக் குறைத்து அம்மோனியம் சல்பேட் வைக்கிறேன், தொழுவுரத்தைக் கூட்டியிருக்கிறேன்.

கந்தகத்தூள் போடலாமா என்று நானும் கேட்டேன். சுண்ணாம்பு இல்லாத மண்ணில் போடலாம். நுண்ணுயிர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமாக்கும், மாதக்கணக்கில் ஆகும். என் மண்ணில் மறுபடியும் அதே டன் கணக்குதான். மாடித்தோட்டக்காரர்கள் தொட்டி மண்ணில் சிமெண்டுச் சல்லியோ அடுப்புச் சாம்பலோ கலந்திருக்கிறதா என்று பார்த்து, மண்ணையே மாற்றிவிடுவது சுலபம்.

சுண்ணாம்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காய்ந்த மண்ணை ஒரு தட்டில் வைத்துக் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உண்டு. அப்படியிருந்தால் பிஎச் இறக்கும் எந்தப் பாட்டிலையும் வாங்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்குப் போனேன். "கம்பெனிகிட்ட கேளுங்க" என்றார். அந்த இளைஞரின் போன் எடுக்கப்படவே இல்லை. வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, பில் எங்கே? விற்ற பொருளுக்கு முறையான பில் கொடுக்க வேண்டியது கடையின் கடமை, உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-லேயே இருக்கிறது என்றார்கள். என்னிடம் இருந்தது துண்டுச் சீட்டு. திறக்காத பாட்டில் ஒன்று மட்டும் மிச்சம், அதை அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களிடம் இதே மாதிரிப் பாட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், லேபிளைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து உங்கள் வட்டார அலுவலகத்தில் கொடுங்கள்.

போன வாரம் அதே ஆள் பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பாவிடம் வந்திருக்கிறார், அதே டம்ளரோடு. மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். நான் ஒரு எலுமிச்சம்பழத்தையும், இப்போது வாங்கியிருக்கும் பேனா மீட்டரையும் எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பா கிணற்றுத் தண்ணீரை டம்ளரில் பிடித்துக் கொஞ்சம் பழத்தைப் பிழிந்தேன். எண் 6-க்குக் கீழே போனது. அவர் தோட்டத்து மண்ணையே ஒரு கைப்பிடி அதில் போட்டுக் கலக்கி வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். மறுபடியும் 8-ஐ நெருங்கியிருந்தது. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. பாட்டிலுக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, மண் எடுக்க மண்வெட்டியோடு வந்தார்.