கப்பல் பூஃபே: விளக்குக்கு 4 மார்க், ஜன்னலுக்கு 10

மலேசியாவின் பந்திங்கில் கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்வது என் தொழில். எந்த டேவானுக்குள் (மண்டபத்துக்குள்) நுழைந்தாலும் சாப்பாட்டைப் பார்க்கும் முன் கூரையைப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பள்ளி விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணம் போய் வந்தேன். கப்பல் பெயர் வேண்டாம், கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன்.

பூஃபே கூடம் மேல்தளத்தில், நீச்சல் குளத்தைத் தாண்டி. வாசலிலேயே வரிசையாகக் கைகழுவும் தொட்டிகள். கழுவாமல் யாரும் நுழைந்துவிடாதபடி ஒரு பணியாளர் சிரித்துக்கொண்டே வழி மறிக்கிறார். நோரோவைரஸ் ஒருத்தருக்கு வந்தால் கப்பல் முழுக்கப் பரவிவிடுமாம், அந்தப் பயம். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம பந்திக்கும் இப்படி ஒரு ஆள நிறுத்தலாம்ல?" என்றார். எத்தனையோ வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறேன், ஒரு குழாய் வைக்கத் தோன்றியதில்லை.

உள்ளே கூரை தாழ்வு. தளத்துக்கு மேல் தளம் அடுக்கியிருக்கிறார்கள். நடுவில் காற்றுக்குழாய், மின்கம்பி, தீயணைப்புத் தெளிப்பான் எல்லாம் போக மிஞ்சியதுதான் நமக்கு. சரவிளக்குக்கு வழியே இல்லை. அதனால் அலை மாதிரி வளைத்த பலகைகளைப் பதித்து, ஓரமெல்லாம் நீல விளக்கு ஓட்டியிருக்கிறார்கள். பகலில் பரவாயில்லை. ராத்திரி அந்த நீலம் எல்லார் முகத்திலும் இறங்குகிறது. சாப்பாட்டுக்கு மேல் மட்டும் மஞ்சள் விளக்கு, கோழி தகதகவென்று மின்னுகிறது. அதைச் சாப்பிடுகிறவர்கள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் போல இருக்கிறார்கள். மணவறைக்கு நான் இப்படி விளக்குப் போட்டிருந்தால் பாக்கிப் பணம் கைக்கு வந்திருக்காது.

மேசையில் நிஜ மெழுகுவத்தி கிடையாது, பேட்டரி வத்திதான். கப்பலில் நெருப்பு என்றால் விளையாட்டில்லை. திரைச்சீலைகூட எளிதில் தீப்பிடிக்காத ரகமாக இருக்க வேண்டும் என்று சோலாஸ் என்கிற சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதியே இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், விறைப்பாக இருந்தது. பக்கத்தில் ஆர்க்கிட் சாடி. பூ பிளாஸ்டிக், அது தூரத்திலேயே தெரிந்துவிட்டது. சாடியைத் தூக்கிப் பார்த்தேன், வரவில்லை. குனிந்து பார்த்தால் அடியில் சுற்றிலும் சிலிக்கோன் பசை, மேலே விரல் தடவிய அடையாளம்கூட இருக்கிறது. என்னிடம் வேலை செய்யும் பசங்க செய்தது போலவே! கப்பல் ஆடினால் விழக்கூடாதே, சரிதான். அதற்குள் மகன், "மா, எல்லாரும் பாக்கிறாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டான்.

தரைக்கு 9 மார்க். உணவு எடுக்கிற இடத்தில் ஓடு, உட்காருகிற இடத்தில் பெரிய பெரிய பூப்போட்ட கம்பளம். பார்க்க அசிங்கம்தான். ஆனால் முதல் நாள் என் மகள் பருப்புக் கறியைக் கொட்டிய இடத்தை மறுநாள் தேடிப் பார்த்தேன், எனக்கே தெரியவில்லை.

உணவு மேடைகளை ஒரே நீள வரிசையாக வைக்காமல் தீவு தீவாகப் பிரித்திருப்பது நல்ல யோசனை. இருந்தும் காலை எட்டரை மணிக்குப் போய்விடாதீர்கள். தட்டு ஒரு கையில், பிள்ளை ஒரு கையில் என்று இடம் தேடி அலைய வேண்டும். கூரை தாழ்வாக இருப்பதால் நாற்காலி இழுக்கிற சத்தம், கரண்டிச் சத்தம் எல்லாம் தலைக்கு மேலேயே சுற்றுகிறது. பின்பக்க மேசைகளில் கூட்டம் குறைவு. அங்கே இயந்திர அதிர்வில் தேத்தண்ணி குட்டிக் குட்டி வட்டமாக நடுங்கும், பழகிவிடும்.

சாப்பாடு? பரவாயில்லை ரகம். சம்பல் இனிக்கிறது. அம்மா கைப்பையில் ஊறுகாய் இருந்ததால் பிழைத்தோம்.

அப்புறம் ஜன்னல். இதற்குத்தான் முழு மார்க். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, நடுவில் சட்டம்கூட அதிகமில்லை. இரண்டாம் நாள் கப்பல் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தது. கெந்திங் குழுமம் 1993இல் தொடங்கிய ஸ்டார் குரூசஸ் கப்பல்கள் வந்து நின்ற அதே புலாவ் இண்டா முனையம்தான். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் விடியும் முன்பே போய் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். கூடம் காலியாக இருக்கும், அந்த நீல விளக்கையும் அணைத்திருப்பார்கள். நாங்கள் அப்படித்தான் உட்கார்ந்தோம். வெளிச்சம் வர வர, தூரத்தில் பாக்காவ் என்கிற அலையாத்திக் காடு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. கேரித் தீவு. அம்மா 28 வருஷம், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கிய தீவு.

"இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்ல" என்றார். ரொட்டி சானாய் ஆறிப்போனது. கரை கண்ணைவிட்டு மறைகிற வரைக்கும் அம்மா அதைத் தொடவே இல்லை.