கழுத்தை மட்டுமா, உறை முழுவதையுமா?

சுட்ட தோட்டாவின் பித்தளை உறையைப் பொறுக்கி வந்து மறுபடி நிரப்புவது அமெரிக்க இலக்குச் சுடுநர்களின் நெடுநாள் பழக்கம். (இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம், நமக்கு இது படித்து ரசிக்க மட்டுமே.) உப்பிய உறையை டை என்னும் எஃகு அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருவதில்தான் அவர்களுக்குள் தீராத வழக்கு: கழுத்தை மட்டும் அழுத்தினால் போதும் என்பது ஒரு கட்சி, உறை முழுவதையும் அழுத்த வேண்டும் என்பது மறு கட்சி.

சுடும்போது உறை விரிந்து தோட்டா அறையின் சுவரோடு ஒட்டுகிறது. அழுத்தம் இறங்கியதும் மயிரிழை அளவே சுருங்குகிறது. அதாவது, அந்த ஒரு துப்பாக்கிக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை. அதை ஏன் பிரிக்க வேண்டும், குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்கினால் போதாதா என்கிறது ஒரு கட்சி. பித்தளைக்கும் அலைச்சல் குறைவு. கழுத்தை மட்டும் இறுக்கும் லீ நிறுவனத்தின் காலெட் டை என்றால் மசகுகூடத் தடவ வேண்டாம். முழு உறையையும் அழுத்துபவர் மசகை மறந்தால் உறை டைக்குள் சிக்கிக்கொள்ளும். அன்றைய பொழுது அதோடு போயிற்று.

ஆனால் அந்தச் சட்டை ஒவ்வொரு சூட்டிலும் இறுகிக்கொண்டே போகும். சில சுற்றுகளுக்குப் பின் போல்ட்டை, அதாவது தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் தாழை, மூடவே கை வலிக்கும். அரைத் தானியங்கித் துப்பாக்கியில் இந்த முறை ஆகவே ஆகாது.

முழு அளவு முறைக்கு வந்த கெட்ட பெயர், டையை இறக்கும் விதத்தால் வந்தது என்பேன். அடிவரை திருகி இறக்கினால் உறையின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழே சரிந்து அகலும் பகுதி, தேவைக்கு மேல் பின்தள்ளப்படலாம். அடுத்த சூட்டில் அந்த இடைவெளியை நிரப்ப உறை நீள்கிறது; அடித்தட்டுக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. அங்கே பளபளப்பான வளையம் தெரிந்தால் அந்த உறை குப்பைக்கு. வெளியே தெரியாதபோதும், நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். விட்டுவைத்தால் ஒருநாள் உறை இரண்டாகப் பிரியும். சூடான வாயு சுடுபவர் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். அளந்து பார்த்து, தோளை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு மட்டும் தள்ளுபவருக்கு இந்தத் தொல்லை அரிது. போல்ட்டைக் கையால் இயக்கும் துப்பாக்கிக்கு என் ஓட்டு இந்த முழு அளவு முறைக்கே.

விலக்கு ஒன்று உண்டு: நம் காவலர்கள் தோளில் பல்லாண்டு தொங்கிய .303 லீ என்ஃபீல்டு. சேற்றிலும் தோட்டா ஏற வேண்டும் என்று அதன் அறையைத் தாராளமாகவே குடைந்தார்கள். அந்த உறை அறைக்குள் நிற்பது அடித்தட்டின் விளிம்பைப் பிடித்து, தோளை நம்பி அல்ல. அதன் தோளை ஒவ்வொரு முறையும் பின்னுக்குத் தள்ளுவது பித்தளையை வீணாக்கும் வேலை. அங்கே கழுத்துக் கட்சியே சரி.

எந்த முறையானாலும் கழுத்து அடிபட்டு அடிபட்டு இறுகி ஒருநாள் விரிசல் விடும். பாத்திரம் தட்டும் கன்னாருக்குத் தெரிந்த வைத்தியம்தான்: தீயில் வாட்டிப் பதம் தருவது. கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும். அடிப்பாகத்தில் சூடு ஏறி அது இளகிவிட்டால் அந்த உறையை மீண்டும் நிரப்பக் கூடாது.