முற்றுகைக் காசு: லாண்டாவ் வெள்ளியா, மைன்ஸ் செம்பா?

முற்றுகையில் காசு தீர்ந்தபோது சாப்பாட்டுத் தட்டை வெட்டிச் சிப்பாய்களுக்குச் சம்பளம் போட்ட ஜெர்மானிய ஊர் லாண்டாவ். அதுவும் இரண்டு தடவை, இரண்டு எதிரெதிர்ப் படைகள்!

1702-இல் ஸ்பானிய வாரிசுரிமைப் போர். பலாட்டினேட் பகுதியில் இருக்கும் இந்தக் கோட்டை அப்போது பிரான்ஸ் வசம். சுற்றி வளைத்து நின்றது ஜெர்மானியப் பேரரசின் படை. கையில் காசு தீர்ந்ததும் பிரெஞ்சுத் தளபதி மெலாக் தன் வெள்ளிப் பாத்திரங்களை வெட்டி, ஒரு பக்கம் மட்டும் முத்திரை குத்தினார்: நடுவில் அவருடைய குலச்சின்னம், மூலைகளில் பிரான்சின் லில்லிப் பூ. அன்றைய பிரெஞ்சுப் பணத்தில் போட்ட மதிப்புதான் விநோதம்: 4 லிவர் 4 சூ, 2 லிவர் 2 சூ, 1 லிவர் 1 சூ. ஒரு லிவருக்கு 20 சூ என்று கணக்குப் போட்டால் 84, 42, 21. சரிபாதியாக இறங்குகிறது.

1713-இல் நிலைமை தலைகீழ். உள்ளே பேரரசின் தளபதி கார்ல் அலெக்சாந்தர், வெளியே பிரெஞ்சுக்காரர்கள். அவரும் தட்டைத்தான் வெட்டினார். லில்லி இருந்த இடத்தில் கிரீடத்தோடு அவருடைய பெயரெழுத்துகள். மதிப்பு ஜெர்மானியப் பணத்தில்: 2 குல்டன் 8 கிராய்ட்சர், 1 குல்டன் 4 கிராய்ட்சர். ‘பேரரசருக்காகவும் பேரரசுக்காகவும்’ என்று லத்தீனில் ஒரு வரி வேறு. மெலாக் இந்த மாதிரி முழக்கமெல்லாம் பொறிக்கவில்லை. (பலாட்டினேட்டை எரித்த ஆள் என்ற கோபத்தில் அங்கே நாய்க்கு அவர் பெயரை வைத்தார்கள்.)

இன்னொரு ஜெர்மானிய நகரமான மைன்ஸ் கதை வேறு. 1793-இல் பிரஷ்யப் படை வளைத்தபோது உள்ளே இருந்த பிரெஞ்சுக் குடியரசுப் படை 1, 2, 5 சூ செம்புக் காசுகளை அடித்தது. வட்டமாக, இரண்டு பக்கமும் அச்சோடு, ‘மைன்ஸ் முற்றுகைப் பணம்’ என்றே பொறித்து. பார்க்க முறையான நாணயம். ஜூலை 23-இல் நகரம் சரணடைந்ததும் படை வெளியேறியது. அந்தக் காசுக்குப் பின்னால் நின்ற அதிகாரமும் கூடவே போய்விட்டது.

சில்லறைத் தட்டுப்பாட்டுக்குச் செம்பு போதும், சுவருக்குள் ரொட்டி வாங்கலாம். ஆனால் நான் சிப்பாயாக இருந்தால் லாண்டாவ் துண்டைத்தான் கேட்பேன். கோட்டை விழுந்தாலும் வெள்ளி வெள்ளிதான். எந்த ஊர்த் தட்டானும் எடை போட்டு வாங்குவான்.

சேகரிப்பவன் கண்ணில் 1713 அழகு. எனக்கென்னவோ 1702-தான். ஓரத்தில் தட்டின் விளிம்பு இன்னும் தெரிகிற துண்டு அகப்பட்டால் விடக் கூடாது.