கமாண்ட் வண்டிக்கு கம்ப்யூட்டர் வாங்குறவங்க கவனம்: ரூ. 1,86,000 போச்சு!

மூணு கம்ப்யூட்டர், ஒண்ணு 62,000. மொத்தம் ரூ. 1,86,000, எல்லாம் குப்பை. கரூரில் 24 வோல்ட் பஸ் சேஸிஸ் மேல பாடி கட்டி, வெள்ள மீட்புக் குழுவுக்குத் தயாராகிற கமாண்ட் வண்டிக்காக (களத்துக்கே போற கட்டுப்பாட்டு அறை) வாங்கினது. விற்றது, தொழிற்சாலைச் சாமான் விற்கிற ஒரு ஆன்லைன் தளத்துல கடை போட்டிருக்கிற ஆள்.

நம்ப வச்சது ஒரு கேள்வி. போனை எடுத்ததுமே, "சார், வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா?" ஆபீஸ் கம்ப்யூட்டர் விற்கிற எவனும் இதைக் கேட்க மாட்டான். 24ன்னு சொன்னதும், "அப்போ இன்ஜின் ஓடும்போது 28 வரும், ஸ்டார்ட் அடிக்கும்போது 16க்கு இறங்கும். நம்ம மெஷின் 9லேருந்து 36 வரை தாங்கும் சார்"னு மடமடன்னு சொன்னான். அத்தனையும் சரியான கணக்கு. முழுப் பணமும் முன்னாடியே வாங்கிட்டான்.

இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் ரெண்டு செத்துப்போச்சு. மூடியைக் கழற்றினா, கனமான அலுமினியப் பெட்டிக்குள்ள சாதாரண 19 வோல்ட் ஆபீஸ் மினி போர்டு. அதுக்கு முன்னால, வண்டி வோல்டேஜை 19க்கு மாத்த ஒரு மலிவு கன்வெர்ட்டர். கரன்ட் உள்ள வர்ற இடத்துல இருக்கிற கெப்பாசிட்டர் மேல '25 வோல்ட்'னு அச்சே இருக்கு. 28 வோல்ட் லைன்ல, 25 வரைதான் தாங்குற கெப்பாசிட்டர்! தலை உப்பி, அடியில பழுப்பா கசிஞ்சிருக்கு. மூணாவது, ஸ்டார்ட்டர் அடிக்கும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகுது. அந்த கன்வெர்ட்டருக்கு வோல்டேஜை இறக்க மட்டும்தான் முடியும். 16 உள்ள வந்தா 19 எங்கேருந்து வரும்? மீட்பு நடுவுல வண்டியை ஸ்டார்ட் பண்ணினா மேப்பும் வயர்லெஸ் பதிவும் ஒண்ணா அணையும்.

விற்றவன் முதல்ல "உங்க வயரிங் கோளாறு"ன்னான். டெர்மினல்ல மீட்டர் வச்சு 27.9 காட்டுற வீடியோ அனுப்பினோம். உடனே, "மூடியைத் திறந்துட்டீங்க, வாரண்டி கிடையாது." தளத்துல கேட்டா, "ரிட்டர்ன் கெடு முடிஞ்சது." பாடி கட்ட மாசக்கணக்காகும், கம்ப்யூட்டர் கடைசியிலதான் மாட்டுவோம். இது தெரிஞ்சுதான் விற்கிறாங்க. மின்வணிக விதிப்படி புகார் கிடைச்சதை 48 மணி நேரத்துல ஒப்புக்கணும்; பேருக்கு ஒரு டிக்கெட் எண் வந்தது, அவ்வளவுதான். ரூ. 1,86,000க்கு ஒரு டிக்கெட் எண்! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சாச்சு.

விவரமா ஒரு வழிகாட்டி எழுதணும், இப்ப முடியல. இதையாவது பண்ணுங்க:

பெட்டி வந்த அன்னைக்கே பெஞ்ச் சப்ளையில (வோல்டேஜை ஏத்தி இறக்குற பவர் சப்ளை) மாட்டி 9லேருந்து 36 வரை மெதுவா ஏத்துங்க. 30ல அரை மணி நேரம் ஓடட்டும், அப்புறம் டக்குனு 16க்கு இறக்குங்க. அணைஞ்சா அன்னைக்கே திருப்பி அனுப்புங்க. 'மில்-எஸ்டிடி-810'னு (அமெரிக்க ராணுவத்தோட உறுதிச் சோதனைத் தரம்) ஸ்டிக்கர் மட்டும் இருந்தா மதிக்காதீங்க. அதிர்வுக்கு 514, அடிக்கு 516, அந்த முறை எண்ணோட ரிப்போர்ட் கேளுங்க. முழு அட்வான்ஸ் கொடுக்கவே கொடுக்காதீங்க.

இதே மாதிரி பெட்டி ஏற்கெனவே 24 வோல்ட் வண்டியில இருந்தா, பேட்டரியைக் கழற்றிட்டு அந்த கெப்பாசிட்டரை இன்னைக்கே பாருங்க. 25ன்னு இருந்தா அந்த வண்டியை வேலைக்கு அனுப்பாதீங்க.