புதுக் கார், மறுக்கப்பட்ட வொரண்டி: திருகோணமலையிலிருந்து ஒரு அனுபவம்

காரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உவர்மலையிலிருந்து சீனக்குடாப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரவும், விடுமுறைக்குக் கிண்ணியாப் பாலம் கடந்து மூதூர் வழியாக மட்டக்களப்புக்கு ஓடவும் போதுமான சின்னக் கார். 40,000 கி.மீ. தாண்டிவிட்டது. எஞ்சினில் குறையில்லை, பெற்றோல் செலவு தாங்கக்கூடியது. நாலு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் லொறியை முந்துவதற்குமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இனி எழுதப்போவதெல்லாம் வொரண்டியைப் பற்றித்தான். கொம்பனியின் பெயரைப் போடவில்லை. வேறு கொம்பனிகளில் வாங்கியவர்களும் ஏறத்தாழ இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கார் தேடியவர்களுக்குத் தெரியும், ஓடித் தேய்ந்த ஜப்பான் காருக்கும் புதுக் காரின் விலை கேட்டார்கள். உள்ளூரில் பொருத்தப்பட்ட புதுக் காரை நான் எடுத்ததற்கு ஒரே காரணம் அந்த வொரண்டிப் புத்தகம்: 3 வருடம் அல்லது 100,000 கி.மீ., எது முந்துகிறதோ அது. லீசிங் கட்டிக்கொண்டு கராஜுக்கும் காசு கட்ட முடியாது என்பது என் கணக்கு.

வெக்கையான கச்சான் காற்று தொடங்கிய காலத்தில் ஏசி சோர்ந்தது. காலையில் பரவாயில்லை, பள்ளி விடும் நேரத்தில் வெறும் காற்றாடிதான். அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட கராஜ் வைத்திருக்கும் நானாவிடம் காட்டினேன். வொரண்டியில் உள்ள காரைக் கழற்றமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். காஸ் கசிவு பார்க்கும் கருவியை மட்டும் எடுத்துவந்து, ஏசித் தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் பிடித்தார். அது கத்தியது. "டீச்சர், லீக் டாஷ்போர்டுக்குள்ள. எவாப்பரேட்டர். கொம்பனிக்கே கொண்டுபோங்க" என்றார். காருக்குள் வரும் காற்றைக் குளிராக்கும் பாகம்தான் எவாப்பரேட்டர். ஏசி காஸ் காற்றைவிடக் கனமானது. உள்ளே கசிந்தால் கீழே இறங்கி அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே வரும். இந்த விளக்கத்துக்கு அவர் காசு வாங்கவில்லை. பின்னால் எனக்குக் கைகொடுத்தது இதுதான்.

கொம்பனியின் சேர்விஸ் நிலையம் திருகோணமலையில் இல்லை, குருநாகலுக்குப் போக வேண்டும். விடியமுன் புறப்பட்டு, இருட்டமுன் ஹபரணையைத் தாண்டித் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் வழியில் யானை. முதல் தடவை காஸ் நிரப்பி, கசிவைக் காட்டும் சாயமும் கலந்து அனுப்பினார்கள். காசில்லை. செய்த வேலையை எழுதித் தரும் துண்டான ஜொப் கார்டில் "குளிர் குறைவு, காஸ் நிரப்பப்பட்டது" என்று எழுதியிருந்தார்கள். சில வாரத்தில் மறுபடி வெறும் காற்று. அடுத்த தடவை போனபோது கவுண்டரில் இருந்த தம்பி என் விலாசத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர் கடற்கரைப் பக்கம்தானே? உப்புக் காத்து. அது வொரண்டியில வராது." கையோடு ஒரு விலைமதிப்பும் நீட்டினார். அந்தத் தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

உப்புக்காற்று உண்மைதான். டொக்யார்ட் வீதியோரம் இரவு நிறுத்திய வாகனத்தின் கண்ணாடியை விடிய விரலால் தடவினாலே தெரியும். ஆனால் அப்படிப் பார்த்தால் நிலாவெளி தொடங்கி மூதூர் வரை ஒருவருக்கும் வொரண்டி கிடையாது என்றாகிறது. விற்கும்போது இதைச் சொல்லியிருக்கலாமே? வீட்டுக்கு வந்து ஆங்கிலப் புத்தகத்தை வரி வரியாகப் படித்தேன். உப்பு, பறவை எச்சம், ஆலைப் புகை எல்லாம் அதில் இருக்கின்றன, பெயின்டும் வெளித்தகட்டுத் துருவும் பற்றிய பகுதியில். ஏசிக்கான பகுதியில் உப்பு என்ற சொல்லே இல்லை. தவிர, முன் கிரிலுக்குப் பின்னால் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்பது ஏசியின் சூட்டை வெளியே விடும் கொண்டென்சர். எவாப்பரேட்டர் டாஷ்போர்டுக்குள் பெட்டியில் மூடிக் கிடக்கிறது. உப்பு தின்பதென்றால் முன்னால் இருப்பதைத்தானே முதலில் தின்ன வேண்டும்?

இதைத் தொலைபேசியில் சொல்லிப் பலனில்லை. ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுப்பார், கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஒன்றை மட்டும் விடாமல் கேட்டேன்: மறுக்கிறீர்களா, மறுங்கள், ஆனால் காரணத்தையும் வொரண்டிப் புத்தகத்தின் பிரிவு இலக்கத்தையும் கொம்பனிக் கடிதத்தில் எழுதித் தாருங்கள். வாயால் மறுக்க ஒரு நிமிடம் எடுத்தவர்கள், எழுதித் தர வாரக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் கடிதம் வந்தது. அதில் உப்பைக் காணவில்லை! புதுக் காரணம் முளைத்திருந்தது: ஒரு சேர்விஸ் தவணை தாண்டிச் செய்யப்பட்டதாம்.

இந்த இடத்தில்தான் வழக்கு என் பக்கம் திரும்பியது என்று நினைக்கிறேன். அந்தச் சேர்விஸுக்கு நான் கேட்ட கிழமையில் இடமில்லை என்று பிந்திய திகதியைத் தந்ததே அவர்கள்தான், அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்தி என் போனில் இருந்தது. அதைவிட, புத்தகத்தின் விலக்கு பராமரிப்புக் குறைவால் "ஏற்பட்ட" பழுதைப் பற்றியது. எஞ்சின் ஒயில் சில நாள் பிந்தி மாறினால் ஏசிக்குள் எப்படி ஓட்டை விழும்? என் பெறாமகன் சட்டத்தரணி. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைச் சட்டம் தரம் பற்றிய உட்கிடையான, அதாவது எழுதாவிட்டாலும் இருப்பதாகக் கொள்ளும், நிபந்தனைகளைச் சொல்கிறது, எழுத்து ஒப்பந்தத்தின் மீது வழக்குப்போட 6 வருடம் இருக்கிறது என்றெல்லாம் விளக்கிவிட்டு, "சின்னம்மா, சட்டம் கடைசியில வரட்டும். முதல்ல அவங்கட புத்தகத்தையே அவங்களுக்குக் காட்டுங்கோ" என்றான். ஒரே பக்கத்தில் கடிதம் எழுதி, ஜொப் கார்ட், குறுஞ்செய்திப் படம், பிரிவின் பிரதி எல்லாவற்றையும் வைத்துத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போட்டேன். கோபத்தை எல்லாம் முதல் வரைவிலேயே கொட்டி, அதைக் கிழித்துப்போட்டேன்.

பதில் வராததால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருக்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போனேன். 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் விவரம் கேட்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வொரண்டிக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி விசாரிக்கவும், நட்டஈடோ மாற்றுப்பொருளோ பணமோ கொடுக்கச் சொல்லிக் கட்டளையிடவும் சபைக்கு அதிகாரம் தருகிறது. அதே பிரிவில் ஒரு முள்ளும் இருக்கிறது: பொருளை விற்ற அல்லது சேவையை வழங்கிய 3 மாதத்துக்குள் முறையிட வேண்டும். மூன்று வருட வொரண்டிக்கு மூன்று மாத வாசல்! சட்டம் எழுதியவர்கள் மின்விசிறியை மனதில் வைத்திருந்தார்களோ என்னவோ. அங்கிருந்த உத்தியோகத்தர்தான் வழி சொன்னார்: "காஸ் அடிச்சதும் ஒரு சேவைதானே டீச்சர், ஜொப் கார்டில உள்ள திகதியை எழுதுங்க." அந்தத் துண்டைக் குருநாகலிலேயே எறிந்திருந்தால் இந்த வாசலும் அடைபட்டிருக்கும்.

சபையின் கடிதம் போனபின் கொம்பனியின் குரல் இனித்தது. "நல்லெண்ண அடிப்படையில்" பார்ட்ஸ் இலவசம், கூலி உங்களுடையது என்றார்கள். வீட்டில் எல்லோரும் வாங்கிக்கொள் என்றுதான் சொன்னார்கள். நான் மறுத்தேன். எவாப்பரேட்டரை மாற்ற டாஷ்போர்ட் முழுவதையும் இறக்க வேண்டும், செலவில் பெரும்பங்கு கூலிதான். அத்துடன் நல்லெண்ணம் என்று கையெழுத்துப் போட்டால் இது வொரண்டிப் பழுதல்ல என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும், நாளை அதே பார்ட்ஸ் போனால் பேச இடமிருக்காது. வொரண்டி வேலை என்று ஜொப் கார்டில் எழுதினால் மட்டும் காரைக் கொண்டுவருகிறேன் என்று பதில் போட்டேன். சபையின் விசாரணைத் திகதிக்கு முன்பே சம்மதித்துவிட்டார்கள்.

கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிப் படமும் எடுத்தேன். குழாய் ஒட்டும் மூட்டில் சாயம் மஞ்சளும் பச்சையுமாகப் படிந்திருந்தது, மற்ற இடமெல்லாம் பளிச். உப்பின் அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை. கவுண்டர் தம்பி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் மனமில்லை, மேலிடம் சொல்லிக்கொடுத்ததைத்தானே சொன்னார்.

இப்போது பின்சீட்டில் இருப்பவர்கள் ஏசியைக் குறைக்கச் சொல்கிறார்கள். கார் நல்ல கார், விற்கும் எண்ணமில்லை. ஆனால் இதே கொம்பனியிடம் இன்னொன்று வாங்குவேனா என்றால், திருகோணமலையில் சேர்விஸ் நிலையம் திறக்கும்வரை மாட்டேன். குருநாகலுக்கு வீணாக ஓடிய பெற்றோல் செலவைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. தராவிட்டால் அதையும் காரணத்தோடு எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறேன்.