ஆழ்துளை ரேடார் அளவீட்டுச் சேவை: கருங்கல் பாறையில் பயன்படுத்திய அனுபவம்

துளையிடும்போது வெளியே எடுக்கும் உருளை வடிவப் பாறைத் துண்டுகளான கோர் மாதிரிகளை எவ்வளவு கவனமாக ஆராய்ந்தாலும் துளை கடந்து வந்த பாறையைப் பற்றி மட்டுமே தெரிந்துகொள்ள முடியும். பக்கவாட்டில் பதினைந்து மீட்டர் தள்ளி ஓடும் பிளவு அவற்றில் தடயமே விடுவதில்லை. நிலத்தடி அறை ஒன்றை அமைப்பதற்கு முன் அத்தகைய பிளவுகளைக் கண்டறிய, துளைக்குள்ளிருந்து ரேடியோ அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வருவதைப் பதிவு செய்யும் ஆழ்துளை ரேடார் சேவையை, ஒரு தனியார் நிறுவனத்திடமிருந்து அண்மையில் பயன்படுத்தினோம். களப்பணி மிகச் சிறப்பாக இருந்தது. அறிக்கையில்தான் இரண்டு இடங்களில் குறை கண்டோம்.

அவர்கள் கொண்டுவந்தது 100 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாக்கள் பொருத்திய கருவி. உலோகக் கம்பியின் வழியே அலை தப்பி ஓடிப் பதிவைக் கெடுத்துவிடாதபடி, ஒளியிழைக் கேபிளில் அதை இறக்கினார்கள். துளையின் சுவரைத் தாங்கும் இரும்புக் குழாய் (கேசிங்) இருக்கும் பகுதியில் அலை வெளியேறாது என்பதை முன்கூட்டியே சொல்லி, அதற்குக் கீழிருந்தே பதிவைத் தொடங்கினார்கள். அலையின் வேகத்தை நிர்ணயிக்கும் மின்பண்பான சார்பு விடுதிறன் (அது கூடினால் வேகம் குறையும்) கருங்கல்லுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 வரை இருக்க, நீருக்கு அது 80 ஆக இருப்பதால், நீர் நிறைந்த பிளவில் பட்ட அலை வலுவாகத் திரும்பி வருகிறது. துளையை வெட்டிச் சென்ற பிளவொன்று திரையில் அம்புமுனை போல இரு கைகளை விரித்துக் காட்டியது. அந்தக் கைகளின் சாய்விலிருந்தே துளைக்கும் பிளவுக்கும் இடையிலான கோணத்தைக் கணக்கிட்டார்கள். துளையை எங்குமே தொடாத இன்னொரு பிளவு, அலை போய்த் திரும்ப எடுத்துக்கொண்ட 300 நானோ விநாடியில், துளைக்கு இணையான கோடாகத் தெரிந்தது. நாங்கள் தேடியது இதைத்தான்.

முதல் குறை இந்தக் கோட்டில்தான் இருந்தது. விடுதிறனை 5 என்று எடுத்துக்கொண்டு, பிளவு 20 மீட்டர் தொலைவில் இருப்பதாக அறிக்கையில் எழுதியிருந்தார்கள். எங்கள் வற்புறுத்தலின் பேரில், 12 மீட்டர் தள்ளியிருந்த பக்கத்துத் துளையில் அலையைப் பெறும் ஏற்பியை இறக்கிச் சோதித்தபோது, அலை 106 நானோ விநாடியில் வந்து சேர்ந்தது. அப்படியானால் வேகம் நானோ விநாடிக்கு 0.113 மீட்டர், விடுதிறன் 7. பிளவோ 17 மீட்டரில் இருக்கிறது. அறையின் சுவரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்பவருக்கு மூன்று மீட்டர் சிறிய பிழையல்ல. அந்தந்த இடத்தில் வேகத்தை அளப்பது கூடுதல் சேவையாக இல்லாமல், அடிப்படை வேலையாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது குறை திசை பற்றியது. சாதாரண இருமுனை ஆன்டெனா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அலையைப் பரப்புவதால், ஒற்றைத் துளைப் பதிவு தொலைவைச் சொல்லுமே தவிர, பிளவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லாது. இரண்டு துளைகளில் அளந்தாலும் எதிரெதிராக இரு விடைகள் மிஞ்சும். இருந்தும் அறிக்கையின் வரைபடம் பிளவைக் கிழக்கே வரைந்திருந்தது. கேட்டவுடன் தயங்காமல் ஒப்புக்கொண்டு, மூன்றாவது துளையிலும் அளந்து வரைபடத்தைத் திருத்தித் தந்ததை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். பிளவு மேற்கே இருந்தது.

களிமண் மிகுந்த பாறையிலும் உப்புநீர் நிறைந்த துளையிலும் அலை சில மீட்டருக்குள் அடங்கிவிடும் என்பதால், அங்கெல்லாம் இந்தச் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் மின்தூண்டல் முறையே அத்தகைய இடங்களுக்குப் பொருந்தும். கருங்கல்லில் வேலை செய்பவர்கள் தயங்காமல் இவர்களை அழைக்கலாம். வேகச் சோதனையையும், செயலாக்கத்துக்கு முந்தைய மூலப் பதிவுகளையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.